இட்லிக் கொப்பரையில் ஒரு போர் விமானம்

என் தம்பியின் விமானத்துக்கு ஒரு இங்கிலீஷ் பெயர் உண்டு. எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்துவிட்டான், எனக்கு வாயில் நுழையவே இல்லை. உலகப் போர்க் காலத்தில் கப்பலின் மேல்தளத்திலிருந்து கிளம்பிப் போய், சண்டை போட்டுவிட்டு, மறுபடி அதே கப்பலில் வந்து இறங்கிய விமானமாம். அதை அச்சு அசலாகச் சுருக்கி, என் கைக்கு ஒரு சாண் நீளம் வருகிற மாதிரி உலோகத்தில் வார்த்திருக்கிறார்கள். நிறம் ஒரு மாதிரி அழுத்தமான கருநீலம். பஜாரில் நான் நடத்தும் ஃபேன்ஸி கடையில் அந்தக் கலரில் நெயில் பாலிஷ் வாங்கி வைத்தால் ஒரு பாட்டில்கூட விற்காது.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, வேலைப்பாடு அபாரம். கப்பலில் இடம் குறைவு என்பதால் இறக்கை இரண்டையும் மேல்பக்கமாக மடக்கிவிடலாம். விமானி உட்காரும் இடத்துக் கண்ணாடி நகரும். வாலுக்கு அடியில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும். விமானம் கப்பலில் இறங்கும்போது, தளத்தின் குறுக்கே கட்டியிருக்கும் வடத்தை அந்தக் கொக்கிதான் பிடித்து நிறுத்துமாம். பிடிக்கத் தவறினால் விமானம் கடலுக்குள். என் தம்பியிடம் இருக்கும் விமானத்தில் அந்தக் கொக்கி, ஊக்கின் முனையை ஒடித்து வளைத்த அளவுக்குத்தான் இருக்கும். அதையும் கீழே இறக்கலாம், மேலே ஏற்றலாம். இந்தக் கொக்கியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், என்னைப் படாத பாடு படுத்தியது இதுதான்.

எங்கள் ஊருக்கும் கடலுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சங்கரன்கோவிலில் குழாயில் தண்ணீர் வந்தாலே தெருவில் ஒருவரையொருவர் கூப்பிட்டுச் சொல்வோம். கடல் என்றால் திருச்செந்தூர், அதுவும் மொட்டை போடப் போகும்போது. இந்த ஊரில் விசைத்தறி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ஒருவனுக்குக் கப்பல் விமானத்தின் மேல் எப்படி ஆசை வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. போனில் அதன் படத்தைப் பார்த்துப் பார்த்தே ஏங்கிக்கொண்டிருந்தான். கடைசியில் வளைகுடாவில் வேலை பார்க்கும் கடையநல்லூர் சேக்காளி ஒருவர், லீவில் ஊருக்கு வரும்போது வாங்கிக்கொண்டு வந்தார். அவர் பெட்டியில் செண்டு பாட்டில்களுக்கும் பால் பவுடருக்கும் நடுவில் வந்ததால் விமானம் பல மாதம் கல்யாண வீடு போல மணத்தது.

"உலகத்துலயே கொஞ்சந்தான்க்கா செஞ்சிருக்கான். பெட்டிக்கு அடியில நம்பர் போட்டிருக்கு பாரு" என்று காட்டினான்.

"நம்பர் நம்ம ரேஷன் கார்டுலயுந்தான் போட்டிருக்கு" என்றேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

அம்மாவும் அப்பாவும் இல்லாத வீடு எங்களுடையது. கீழே நானும் என் வீட்டுக்காரரும், மாடியில் தம்பி. அவனுக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. அவனுக்கு ஒரு கல்யாணத்தைச் செய்துவைத்துவிட வேண்டும் என்பது எனக்குக் கவலை என்பதைத் தாண்டி ஒரு வெறியாகவே ஆகிவிட்டிருந்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். தரகர் போனை எடுக்காவிட்டால்கூட நான் கடையில் வளையல் வாங்க வந்தவர்கள்மேல் எரிந்து விழுவேன்.

இப்படி இருக்கையில் பனவடலிசத்திரத்திலிருந்து ஒரு சம்பந்தம் கூடி வந்தது. நல்ல நிலபுலன் உள்ள குடும்பம். பெண்ணின் அப்பா வீடு பார்க்க வந்தார். வந்தவர் கண் நேராக ஹாலில் இருந்த ஷோகேஸுக்குப் போயிற்று.

"வீட்டுல சின்னப் பிள்ளைக யாரு இருக்கா?" என்று கேட்டார்.

"யாருமில்லையே" என்றேன்.

"அப்ப இந்தப் பொம்மை?"

நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். என் தம்பி விடுவானா? ஷோகேஸைத் திறந்து, விமானத்தை எடுத்து, அவர் மடியில் வைத்து, இறக்கையை மடக்கிக் காட்டி, கண்ணாடியை நகர்த்திக் காட்டி, கொக்கியை இறக்கிக் காட்டி, ஒரு அபிஷேகம் முடிகிற நேரத்துக்கு விளக்கம் கொடுத்தான். அவர் பொறுமையாகக் கேட்டார். தண்ணீர் குடித்தார். போய்விட்டார். மறுநாள் தரகர் போன் செய்து, "பையன் இன்னும் விளையாடுதானாம்லாம்மா" என்றார்.

அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். இனி எந்தப் பெண் வீட்டார் வந்தாலும் அந்த விமானம் அவர்கள் கண்ணில் படக்கூடாது.

அடுத்து வந்ததுதான் வாசுதேவநல்லூர் சம்பந்தம். பெண் மருந்தாளுநர் படிப்புப் படித்து அங்கேயே ஒரு மெடிக்கலில் வேலை பார்த்தாள். அப்பா கிடையாது. அம்மாவும் தாய்மாமாவும்தான். பெண்ணையும் பையனையும் எங்கள் கோயில் பிரகாரத்தில் வைத்துப் பார்க்க வைத்தோம். நாங்கள் பெரியவர்கள் பிரசாதப் புற்றுமண் எடுக்கிற சாக்கில் தள்ளி நின்றோம். இருவரும் ஒரு தூணுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்று பேசினார்கள்.

"என்னலே பேசினே?" என்று வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஒங்களுக்கு என்ன பிடிக்கும்னு கேட்டா. பிளேனைப் பத்திச் சொன்னேன்."

எனக்குத் தலை சுற்றியது. "பிளேனைப் பத்தியா? ஒலகத்துல வேற ஒண்ணும் பிடிக்காதோ ஒனக்கு? பிரியாணி பிடிக்கும்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சிரிக்கல்லக்கா அவ" என்றான் அவன். "றெக்கையை எதுக்கு மடக்கணும்னு கேட்டா. அப்புறம், மடக்கினா பலம் குறையாதான்னு கேட்டா. இதுவரைக்கும் யாருமே அதைக் கேட்டதில்ல."

சொல்லிவிட்டு வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டுப் போனான். நான்தான் தக்காளி எடுக்கும்போது கண்டுபிடித்தேன்.

அதற்குப் பிறகு அவன் ஆளே மாறிப்போனான். போனும் கையுமாக மாடிப்படியில் உட்கார்ந்திருப்பான், தானாகச் சிரிப்பான். கடையில் ஒருத்தர் தறிக்கு நாடா கேட்டால் பல்சக்கரத்தை எடுத்துக் கொடுத்தான். அந்தப் பெண்ணுக்கு விமானத்தின் ஒவ்வொரு பாகத்தையும் போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தான் என்பது எனக்குத் தெரியும். அவளும் சளைக்காமல் கேள்வி கேட்டாள் போலிருக்கிறது. இந்தச் சம்பந்தம் தப்பினால் இவன் தாங்கமாட்டான் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அதனாலேயே எனக்குப் பதற்றம் கூடியது.

பெண் வீட்டார் வீடு பார்க்க வரும் நாள் குறித்தாயிற்று. எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இப்படி வருகிறவர்கள் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். அதாவது, சாப்பிட மாட்டார்கள். தண்ணீர் குடிப்பார்கள், ரொம்பச் சொன்னால் காப்பி. இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டார்கள் என்றால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு பேச்சே கிடையாது, தேதி குறிப்பதுதான். வாயால் சம்மதம் சொல்லிவிட்டு மாறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கை நனைத்துவிட்டு மாறியவர்களைப் பார்த்ததில்லை. ஆகவே மாப்பிள்ளை வீட்டில், அவர்கள் சாப்பிடுவார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லாமலேயே முழுச் சாப்பாடும் சமைத்து வைத்திருப்பார்கள். சாப்பிடாமல் போய்விட்டால் அதை அடுத்த நாள் வரைக்கும் நாமேதான் தின்று தீர்க்க வேண்டும். தம்பிக்குப் பெண் பார்த்த காலத்தில் நானும் என் வீட்டுக்காரரும் எடை கூடியது இப்படித்தான்.

அன்று காலையில் எழுந்து சாம்பார், அவியல், இரண்டு பொரியல், வடை, சேமியாப் பாயசம் எல்லாம் செய்து முடித்து, ஒவ்வொன்றையும் ஆறுவதற்காகத் திறந்தபடி அடுப்பு மேடையில் வரிசையாக வைத்தேன். ஹாலைத் துடைத்தேன். ஷோகேஸைப் பார்த்தால் விமானம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது! மாடிக்குக் கொண்டுபோகலாம் என்றால் அவர்கள் மாடியையும் பார்ப்பார்கள். பீரோவில் வைக்கலாம் என்றால் பூட்டுச் சரியில்லை. அதற்குள் வாசலில் கார் சத்தம். கையில் விமானத்தோடு அடுப்படிக்கு ஓடினேன். இட்லிக் கொப்பரை காலியாக இருந்தது. இறக்கை விரிந்தபடி அது உள்ளே போகவில்லை. தம்பி சொல்லிக்கொடுத்த மாதிரி இரண்டையும் மடக்கினேன், கனகச்சிதமாக உள்ளே இறங்கியது. கப்பல்காரர்கள் கெட்டிக்காரர்கள்தான் என்று அன்றைக்குத்தான் ஒத்துக்கொண்டேன். மூடியைப் போட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

பெண்ணின் அம்மா பட்டுச்சேலையில் வந்திருந்தார். தாய்மாமா ஆள் ஆகிருதியாக இருந்தார், வெள்ளைச் சட்டை, முழுக்கை. உட்கார்ந்தார்கள். தண்ணீர் குடித்தார்கள். மாமாவும் என் வீட்டுக்காரரும் மழையைப் பற்றியும் மல்லிகைப்பூ விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா மட்டும் பேச்சில் கலக்காமல் ஷோகேஸையே பார்த்தார். எழுந்து போய்க் கிட்டத்தில் பார்த்தார். மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வரவர முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நன்றாகத்தானே துடைத்தேன்?

"அடுப்படியைப் பாக்கலாமாம்மா?" என்றார் கடைசியில்.

"வாங்கம்மா, வாங்க" என்று கூட்டிப்போனேன். மிக்ஸி, கிரைண்டர், புதுச் சிங்க் எல்லாம் காட்டினேன். அந்த நேரம் பார்த்து ஹாலிலிருந்து என் வீட்டுக்காரர், "ஏட்டி, ஏசி ரிமோட்டு எங்க வச்சிருக்கே?" என்று சத்தம் போட்டார். அவர் மடியிலேயேதான் இருந்தது. போய் எடுத்துக் கையில் திணித்துவிட்டுத் திரும்பி வந்தேன். அந்த அம்மா மேடைப் பக்கத்தில் முந்தானையைச் சேர்த்துப் பிடித்தபடி நின்றார். தும்மல் வருவதை அடக்குகிற மாதிரி ஒரு முகம்.

"அடுப்படி ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

ஹாலுக்குப் போய் மாமாவின் காதில் ஏதோ சொன்னார். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வலது கைச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டினார்.

"எலையப் போடச் சொல்லுங்கம்மா. கை நனைச்சிட்டே போறோம்."

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. கால் தரையில் பாவவில்லை. என் வீட்டுக்காரர் இலை எடுக்கப் பின்வாசலுக்கு ஓடினார், ஓடும்போது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். நான் அடுப்படிக்குப் பாய்ந்தேன். அங்கே என் தம்பி நின்றான். விமானத்தை நான் எங்கே வைத்தேன், அது என்ன ஆயிற்று என்று தேடி வந்திருக்கிறான். இட்லிக் கொப்பரையின் மூடி ஒரு கையில், விமானம் ஒரு கையில், முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"எக்கா" என்றான். "கொக்கியைக் காணும்."

கொப்பரைக்குள் பார்த்தோம், இல்லை. மேடையில் பார்த்தோம், தரையில் பார்த்தோம், இல்லை. பிறகு இரண்டு பேர் கண்ணும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குப் போயிற்று. திறந்திருந்த பாயசம். கார் சத்தம் கேட்டு நான் விமானத்தைத் தலைகீழாகப் பிடித்து, இறக்கையை மடக்கி, இழுத்துத் திணித்ததெல்லாம் அந்தப் பாயசத்துக்கு நேர் மேலேதான்.

கரண்டியை விட்டு அள்ளிப் பார்த்தேன். சேமியாவுக்குள் சேமியா அளவுக்கு ஒரு கொக்கியை எங்கே தேடுவது? பாயசத்தை விட்டுவிட்டு மற்றதைப் பரிமாறலாமா என்றால், முதன்முதலாகக் கை நனைப்பவர்களுக்கு இலையில் முதலில் வைப்பதே இனிப்புதான். அதுவும் போக, பக்கத்திலேயே சாம்பாரும் அவியலும் திறந்திருந்தன. கொக்கி எதில் விழுந்தது என்று யார் கண்டது? மாமாவின் தொண்டையை நினைத்தேன். நல்ல அகலமான தொண்டை. அதில் கொக்கி போய் மாட்டிக்கொண்டால் கல்யாணமா நடக்கும்?

"உள்ளதைச் சொல்லிருவோம்க்கா" என்றான் தம்பி.

"வாயத் தொறந்தே, கொன்னே போட்டுருவேன்" என்றேன். உள்ளதைச் சொன்னால் விமானத்தைச் சொல்ல வேண்டும். விமானத்தைச் சொன்னால் பனவடலிசத்திரம் கதைதான். பையன் இன்னும் விளையாடுகிறான் என்று இவர்களும் எழுந்து போவார்கள். சொல்லாமல் பரிமாறினால் மாமாவின் தொண்டை. எந்தப் பக்கம் திரும்பினாலும் இடித்தது. ஹாலில் அவர்கள் கை கழுவுகிற சத்தம் கேட்டது.

நான் ஹாலுக்குப் போனேன். என் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று எனக்கே தெரியாது.

"அம்மா, தப்பா எடுத்துக்கிடாதீய. பாயசத்துல பால் திரிஞ்சு போச்சு. இன்னைக்குச் சாப்பாடு வேண்டாம்."

சொல்லி முடித்ததும்தான் உறைத்தது. ஒரு நல்ல காரியம் கூடிவரும் வீட்டில் பால் திரிந்தது என்று எந்தப் பைத்தியமாவது சொல்லுமா? அந்த அம்மாவின் முகம் வெளுத்தது. அப்போது என் வீட்டுக்காரர் இலைக்கட்டோடு உள்ளே வந்தார்.

"பால் திரிஞ்சுட்டா? இப்பத்தானே ஒரு டம்ளர் குடிச்சேன்? தேனா இருந்துச்சே!"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், ஆனால் நான் அவர் வயிற்றைப் பார்த்தேன்.

மாமா சுருட்டிய சட்டையை மெதுவாக இறக்கிவிட்டார். பித்தானைப் போட்டார். "சரிம்மா. இன்னொரு நாள் பாப்போம்" என்றார். சம்பந்தம் பேசுகிற இடத்தில் இந்த வார்த்தைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். கார் தெருமுனை திரும்பும்வரை நாங்கள் மூன்று பேரும் வாசலில் கும்பிட்ட கையோடு நின்றோம்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது, அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. பின்வாசலில் உட்கார்ந்து, பாயசம் முழுவதையும் மாவுச் சல்லடையில் ஊற்றித் தண்ணீர் விட்டு அலசினோம். முந்திரி வந்தது, திராட்சை வந்தது, கொக்கி வரவில்லை. சாம்பாரை அலசினோம். அவியலை அலசினோம். அலசிய முருங்கைக்காயைப் பிளந்தும் பார்த்தேன். மிச்சம் இருந்தது என் வீட்டுக்காரர் மட்டும்தான்.

"வயித்துல எங்கயாவது குத்துதா?" என்றேன்.

"நீ கேட்ட பெறகு குத்துது" என்றார்.

அவருக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொடுத்து உட்கார வைத்தேன். தம்பி கடையைத் திறந்து, இரும்புத் தூள் எடுக்கிற பெரிய காந்தத்தைக் கொண்டுவந்து அத்தானின் வயிற்றில் மேலும் கீழும் தேய்த்தான். அவரும் பனியனைத் தூக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, டாக்டர் முன்னால் நிற்கிற மாதிரி நின்றார். "ஏதும் இழுக்கா அத்தான்?" "இழுக்கல மாப்ளே." "இங்கன?" "இங்கன கூச்சமா இருக்கு." வயிறு முழுக்கத் தேய்த்து முடித்த பிறகுதான் என் தம்பிக்கு ஞாபகம் வந்தது.

"எக்கா, இந்த உலோகம் காந்தத்துல ஒட்டாதுல்லா."

நான் காந்தத்தைப் பிடுங்கி வீசினேன். அது போய் ஜன்னல் கம்பியில் ஒட்டிக்கொண்டது.

பிறகு தம்பி மாடிப்படியில் உட்கார்ந்து விமானத்தின் இறக்கையை மடக்குவதும் விரிப்பதுமாக இருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அந்தக் கொக்கி தனியா விலைக்குக் கிடைக்குமாலே?" என்று கேட்டேன்.

"கொக்கி போனா போகட்டும்க்கா" என்றான். அதற்கு அவன் என்னைத் திட்டியிருக்கலாம். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. நான் அழுதால் அடக்கமாக அழத் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரத்துக்கு அவன் போன் அடித்தது. திரையில் அவள் படம். அவன் எடுக்கவில்லை, என்னிடம் நீட்டினான். எப்படியும் வசவுதான், வாங்குவது நானாகவே இருக்கட்டும் என்று எடுத்தேன்.

"அக்கா, நல்லாருக்கீயளா? ஒண்ணு கேக்கணும்" என்றாள். "ஒங்க வீட்டுப் பிளேன்ல வால் கொக்கி இருக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"அம்மா வந்து சேலைய மடிக்கும்போது முந்திச் சரிகையில என்னமோ மாட்டிக்கிட்டு இருந்துச்சு. ஏதோ ஊக்கு ஒடைஞ்சதுன்னு சன்னல் வழியா எறியப் போனாவ. நாந்தான் கையப் பிடிச்சேன். கப்பல்ல வடத்தைப் பிடிக்கிற கொக்கில்லா இது? பாத்ததுமே தெரிஞ்சிட்டு."

"ஒங்கம்மா சேலையிலயா? அது எப்படி?"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்புக்கு நடுவே கதை வந்தது. அவள்தான் அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். போனில் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், அந்த விமானம் உண்மையிலேயே வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அவர் சொன்னது எல்லாமே உண்மைதான், கை நனைத்துவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடுங்கள் என்று.

"ஷோகேஸ்ல இல்ல, மாடியிலயும் இல்லைன்னதும் அம்மாவுக்கு மொகமே விழுந்துட்டாம். பெறகு அடுப்படியில நீங்க அந்தப் பக்கம் போனதும், எல்லா மூடியும் தெறந்து கெடக்கு, இது மட்டும் ஏன் மூடியிருக்குன்னு கொப்பரையைத் தெறந்து குனிஞ்சு பாத்தாவளாம். அப்பதான் முந்தி உள்ள விழுந்து மாட்டியிருக்கு. மாமா வழியெல்லாம் கோவத்துல வந்தாரு. பால் திரிஞ்சது மனசுல உறுத்துனாலும், அம்மா பிளேனை நெனச்சுச் சிரிச்சுக்கிட்டே வந்தாவளாம். அந்த வீட்டுல இட்லிக்குப் பதிலா ஏரோப்ளேன் அவிக்காவன்னு."

நான் பாயசத்தைச் சொன்னேன். சாம்பாரைச் சொன்னேன். வாழைப்பழத்தையும் காந்தத்தையும் சொன்னேன். அந்தப் பக்கம் சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப, பால் திரியல்லயே?"

"சத்தியமா இல்ல தாயி."

"போதும். மாமாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். அண்ணாச்சிக்குப் பழம் போதும்னு சொல்லுங்க. வச்சிருதேன் மைனி."

அக்கா என்று ஆரம்பித்தவள் மைனி என்று முடித்தாள். கல்யாணம் ஆனபிறகு நாத்தனாரைக் கூப்பிடுகிற முறை அது. நான் போனைத் தம்பியிடம் கொடுக்க மறந்து வைத்துவிட்டேன். அதற்காக அவன் கத்திய கத்தலில் எனக்கு உயிர் திரும்பி வந்தது.

அடுத்த வளர்பிறையில் மறுபடியும் வந்தார்கள். இந்த முறை விமானம் ஹாலுக்கு நடுவே டீப்பாயில், இறக்கை விரித்து நின்றது. நான் ஆசையாக அதன் மூக்கில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். தம்பி அலறி அடித்துக்கொண்டு ஈரத்துணியோடு ஓடி வந்தான். அந்த அம்மா உள்ளே வந்ததும் விமானத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு நேராக அடுப்படிக்குப் போய் இட்லிக் கொப்பரையின் மூடியைத் தூக்கினார்.

"இன்னைக்கு என்ன அவிச்சிருக்கீய?" என்றார். உள்ளே இட்லிதான் இருந்தது. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான் என்று நினைக்கிறேன்.

மாமா சட்டைக் கையைச் சுருட்டினார். சுருட்டும்போதே, "பால் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டு என்னை ஒரு வழி பண்ணினார். இலை போடப் போனேன். அந்த அம்மா என்னைத் தடுத்தார்.

"இருங்க. மொதல்ல இதைக் கொடுத்துரச் சொன்னா எம் மவ."

கைப்பையிலிருந்து ஒரு சின்னக் காகிதக் கவரை எடுத்தார். மெடிக்கலில் மாத்திரை போட்டுக் கொடுப்பார்களே, அந்தக் கவர். உள்ளே பஞ்சில் சுற்றிக் கொக்கி இருந்தது. கவரின் மேல் காலை, மதியம், இரவு என்று அச்சடித்த கட்டங்கள். அதற்குக் கீழே சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்று இரண்டு கட்டங்கள். ‘முன்’ என்பதில் அழுத்தமாக ஒரு டிக் போட்டிருந்தாள்.

எல்லோரும் இலையில் உட்கார்ந்தார்கள். மாமா பாயசத்தை மறுபடி மறுபடி கேட்டு வாங்கினார். கொக்கி கவரில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகும், அவர் ஒவ்வொரு வாய் விழுங்கும்போதும் நான் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். தம்பிக்கும் இலை போட்டிருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன், அவன் வரவில்லை. கொக்கியை எடுத்துக்கூடப் பார்க்காமல், டீப்பாய் பக்கத்தில் நின்று அந்தக் கவரில் போட்டிருந்த டிக்கையே படித்துக்கொண்டிருந்தான்.